தைப்பூசத்துக்குப் பினாங்கில் வீடு எடுக்கிறீர்களா? அம்மாவின் முழங்காலை நினைத்து எடுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்துகொண்டு பத்துமலைக்குப் போகாமல் பினாங்குக்கு ஏன் போகிறீர்கள் என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. என் கணவர் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது மாமியார் நேர்ந்துகொண்டது பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு. மாமனார், மாமியார் இருவரும் காலமாகி, அந்த வீட்டையும் விற்ற பிறகு பினாங்கில் தங்க எங்களுக்கு இடமில்லை. இதுவரை ஏழு தடவை ஹோம்ஸ்டே எடுத்துத் தங்கியிருக்கிறோம். மொத்தம் ஒன்பது பேர்: நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் அம்மா, ஜோகூரிலிருந்து வரும் நாத்தனார் குடும்பத்தில் நாலு பேர்.

ஹோட்டல் எங்களுக்கு ஒத்துவராது. விரதம் இருப்பவருக்குச் சமைக்க வேண்டும், அம்மாவுக்கு ராத்திரி கஞ்சி வேண்டும், விடிகாலையில் எல்லோரும் குளித்து ஒன்றாகக் கிளம்ப வேண்டும். வீடுதான் வசதி. ஆனால் எந்த வீடு என்பதில் நிறையப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அடுத்த தை மாதம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்குச் சும்மா சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்குமேல் பொருந்தும்.

படி எத்தனை?

முதல் தடவை படத்தைப் பார்த்து மயங்கிவிட்டோம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு. மர ஜன்னல், பூப்போட்ட தரை ஓடு, நடுவில் வானம் தெரியும் முற்றம். ‘பத்துப் பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தார்கள். உள்ளே போன பிறகுதான் படிக்கட்டைப் பார்த்தோம். ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி, ஒரு பாதம் முழுதாக வைக்க முடியாத அகலம். படுக்கை அறைகள் எல்லாம் மேலே. கழிவறை கீழே, முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில்.

அம்மாவுக்கு அப்போது 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், ஏதோ மரம் முனகுகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். எங்களை எழுப்ப மனமில்லாமல், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகக் கீழே நகர்ந்துகொண்டிருந்தார். இன்னும் ஏழெட்டுப் படி பாக்கி இருந்தது. மீதி இரண்டு ராத்திரியும் கூடத்தில் பாய் விரித்து அவரோடு நானும் கீழேயே படுத்தேன்.

அன்றிலிருந்து வீடு தேடும்போது விலையையும் படத்தையும் பிறகுதான் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு அனுப்பும் முதல் செய்தி இதுதான்: ‘எங்களோடு வயதானவர் ஒருவர் வருகிறார். காரை விட்டு இறங்கியதிலிருந்து அவர் படுக்கும் கட்டில் வரை எத்தனை படி? அங்கிருந்து கழிவறைக்கு எத்தனை படி?’ லிஃப்ட் இருக்கிறதே என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட்டுக்குப் போகவே ஐந்தாறு படி இருக்கும் கட்டடங்கள் உண்டு.

இன்னொன்றும் கேட்பேன். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்திலிருந்து கட்டில் வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று. இரண்டு நிமிட வேலைதான். அதைச் செய்து அனுப்பும் வீட்டுக்காரரிடம் நம்பி எடுக்கலாம். எங்களுக்கு அப்படி அனுப்பியவர்களில் ஒருவர்கூட அப்புறம் ஏமாற்றியதில்லை.

அந்த வீடியோவில் குளியலறை வாசலையும் பாருங்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு சாண் உயரத்துக்குத் திண்டு கட்டியிருப்பார்கள். ஈரக் காலோடு அதைத் தாண்டும்போதுதான் வயதானவர்கள் விழுகிறார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி பெரும்பாலும் இருக்காது. நாங்கள் ரப்பர் கால்மிதி ஒன்றும், அம்மா உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் காரில் எடுத்துப் போகிறோம். வாட்டர் ஹீட்டர் சுவிட்ச் அனேகமாகக் குளியலறைக்கு வெளியேதான் இருக்கும். அதைப் போன உடனே அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள்.

‘பத்துப் பேர்’ என்ற கணக்கையும் நம்ப வேண்டாம். சோபாவை விரித்தால் இரண்டு பேர், தரையில் மெத்தை போட்டால் இரண்டு பேர் என்று சேர்த்துத்தான் அந்தப் பத்து வரும். கட்டில் எத்தனை, எந்த அறையில் ஏர்கோன் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூடத்தில் பெரும்பாலும் காற்றாடி மட்டும்தான். அதைவிட முக்கியம் குளியலறை. ஒன்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரே குளியலறை என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய வீட்டில் முதல் ஆள் இரண்டரைக்கே எழ வேண்டும். ஆறு பேருக்குமேல் போனால் இரண்டு குளியலறை இல்லாத வீட்டை எடுக்காதீர்கள்.

‘நண்பர் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லுங்கள்’

இப்படி ஒரு செய்தி வந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். எங்களுக்கு அது கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வந்தது. காவலாளி கேட்டால் வாடகைக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டாம், வீட்டுக்காரரின் நண்பர்கள் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். பணம் முழுதும் கட்டியாகிவிட்டது, வேறு வழி தெரியவில்லை. இரண்டு கார், பெட்டி, அரிசிப் பை, பால்குடம் எல்லாவற்றோடும் போய் நின்ற எங்களைக் காவலாளி உள்ளே விடவில்லை. அவர் மேல் குறையில்லை, அவருக்கு உத்தரவு அப்படி. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றோம். பிள்ளைகளுக்கு முன்னால் பொய் சொல்ல வேண்டி வந்ததுதான் என் கணவருக்குப் பெரிய வருத்தம். விரத காலம் வேறு.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. 2020இல் மோன்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், குறுகிய கால வாடகையைத் தடை செய்து துணைவிதி போட நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பினாங்கு மாநில அரசும் 2023இல் வழிகாட்டி விதிகள் கொண்டுவந்தது. தீவுப் பகுதியில் குடியிருப்புக்கென்று கட்டிய அடுக்குமாடிகளில் இந்த வாடகைக்கு இடமில்லை. சர்வீஸ் அபார்ட்மெண்ட் மாதிரி வணிகப் பட்டா உள்ள கட்டடங்களில்தான் அனுமதி பெற்று நடத்தலாம். ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் ஒரு வீடு இருக்கிறது என்பதாலேயே அந்தக் கட்டடத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது என்று ஆகாது.

அதனால் நேராகவே கேளுங்கள்: ‘உங்கள் கட்டட நிர்வாகம் இதை அனுமதிக்கிறதா? எங்கள் பெயரையும் கார் நம்பரையும் முன்கூட்டியே பதிந்து தருவீர்களா?’ ஒழுங்காக நடத்துகிறவர் உடனே அடையாள அட்டை விவரமும் கார் நம்பரும் கேட்பார். இன்னும் சந்தேகம் இருந்தால் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்கலாம். இரண்டு காரில் போகிறவர்கள் பார்க்கிங் எத்தனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஓர் இடம் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

பணம் கட்டுவதில் ஒரே ஒரு வார்த்தை. சமூக ஊடகத்தில் பார்த்த வீட்டுக்கு முன்பணம் போடுமுன், அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகார் வந்த கணக்கு என்றால் அதில் தெரியும். ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் 997க்கு உடனே அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு உண்டு.

எந்தப் பக்கம் தங்குவது

கடல் பார்க்க வேண்டும் என்றால் பத்து பெரிங்கி. ஆனால் பூசத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரிவராது. கடலோரமாக வளைந்து வளைந்து வரும் ஒரே ரோடுதான், கூட்ட நாளில் நெரிசல் தாங்காது. கோயில் இருக்கும் ஜாலான் கெபுன் பூங்கா பக்கமும் அதைச் சுற்றியுள்ள ரோடுகளும் பூசத்தன்று மூடியிருக்கும், கிராப் கார் கிட்டே வராது. கடைசி ஒன்று இரண்டு கிலோமீட்டர் எப்படியும் நடைதான்.

எங்களுக்கு ஒத்துவருவது இரண்டு இடம். கர்னி டிரைவ், பூலாவ் தீக்குஸ் பக்கம் எடுத்தால் இளவட்டங்கள் கோயிலுக்கு நடந்தே போய் வரலாம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோரும் பானகமும் கிடைக்கும். லிட்டில் இந்தியாவை ஒட்டி எடுத்தால் அம்மாவுக்கு நல்லது. பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில் தங்க ரதம் லெபோ குயின் மாரியம்மன் கோயிலிலிருந்தும், செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்தும் புறப்படும். தங்க ரதம் 2017இல் வந்தது. மலைக்கோயிலின் 513 படி ஏற முடியாத அம்மா, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரதம் பார்த்துவிடுவார். வெள்ளி ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பதைப் பார்க்க எங்கள் சின்னவள் வருடம் முழுக்கக் காத்திருக்கிறாள்.

தீவில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பட்டர்வொர்த்திலும் தேடுங்கள். ஃபெர்ரியில் கார் ஏற்ற முடியாது, ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். ஆனால் இறங்குகிற துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். கடைசி ஃபெர்ரி நேரத்தை மட்டும் முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு பூசத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்போ பின்போ வரும். அதனால் நாங்கள் தீபாவளிக்கு முன்பே வீட்டை எடுத்துவிடுவோம்.

அடுப்பு

விளம்பரத்தில் ‘சமையலறை உண்டு’ என்று இருக்கும். அங்கே இருப்பது அனேகமாக ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. இரண்டாவது வருடம் வீட்டிலிருந்து பெரிய அலுமினியப் பானையைக் கொண்டுபோனேன். தண்ணீர் ஊற்றி வைத்து பொத்தானை அமுக்கினால் மூன்று தடவை பீப் என்றுவிட்டு அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி அதே சத்தம். அடுப்பு கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். நாத்தனார்தான் குளிர்பெட்டிக் கதவில் இருந்த காந்தப் பொம்மையை எடுத்து வந்து பானையின் அடியில் வைத்தாள். பொம்மை நிற்காமல் கீழே விழுந்தது. அங்கிருந்த வாணலியின் அடியில் வைத்தாள், பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அந்த அடுப்பில் சூடாகும். அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. கிளம்புமுன் வீட்டிலேயே ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். பால் காய்ச்சும் பாத்திரத்தை முதலில் பாருங்கள்.

விரதம் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அங்கே இருக்கிற சட்டியில் முன்பு வந்தவர்கள் என்ன சமைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அது யாருடைய குற்றமும் இல்லை. எங்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, பூசப் பெட்டி என்றே பெயர். அதில் காந்தம் ஒட்டும் பானைகள் இரண்டு, இரும்புத் தோசைக்கல், தோசைத் திருப்பி, கத்தி, காய் நறுக்கும் பலகை, அஞ்சறைப் பெட்டி, புதுப் பஞ்சு, ஒன்பது தட்டு, ஒன்பது டம்ளர். கூடவே 1.8 லிட்டர் ரைஸ் குக்கர். வாடகை வீட்டில் இருக்கும் குக்கர் மூன்று பேருக்குத்தான் காணும். போனதும் குளிர்பெட்டியின் ஒரு தட்டைத் துடைத்து, பாலும் தயிரும் வைக்க மட்டும் ஒதுக்கிக்கொள்வோம். காய்கறிக்குச் சௌராஸ்தா மார்க்கெட், பூவுக்கும் வெற்றிலைக்கும் லிட்டில் இந்தியா.

கற்பூரம் ஏற்றலாமா, சாம்பிராணி போடலாமா என்று முன்னமே கேளுங்கள். அடுக்குமாடியில் புகைக்கு அலாரம் அடித்தால் முழுக் கட்டடமும் கீழே இறங்கும், பக்கத்து வீட்டு வயதானவர்களும்தான். நாங்கள் உள்ளே கற்பூரம் ஏற்றுவதில்லை. எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு சின்ன விளக்கு, அதுவும் திரைச்சீலையிலிருந்து தள்ளி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

மஞ்சளும் சந்தனமும்

ஹோம்ஸ்டேயில் எல்லாமே வெள்ளை. விரிப்பு வெள்ளை, தலையணை உறை வெள்ளை, துண்டு வெள்ளை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை அந்தத் தலையணையில் ஒரு ராத்திரி படுத்தால் கறை போகாது. நாலாவது வருடம் எங்கள் மஞ்சள் வேட்டியையும் வீட்டுக்காரரின் ஆறு வெள்ளைத் துண்டையும் ஒரே மெஷினில் போட்டுவிட்டார்கள் பிள்ளைகள். ஆறும் மஞ்சள். நாங்களே போன் செய்து சொல்லி, கிளம்புமுன் காசு கொடுத்துவிட்டோம். இப்போது பழைய தலையணை உறையும் துண்டும் வீட்டிலிருந்தே போகின்றன. காவடித் துணியை அங்கே துவைப்பதே இல்லை. ஒரு பையில் கட்டி செந்தூலுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

உடைந்தது, கறை பட்டது என்று பின்னால் பேச்சு வராமல் இருக்க, உள்ளே நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகள்

நம் வீடுகளில் பால்கனிக்குக் கிரில் போட்டிருப்போம். இங்கே கடல் தெரிய வேண்டும் என்று போடாமல் விடுவார்கள். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் அழகாக இரண்டு நாற்காலியும் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு நாலு வயதுப் பிள்ளை அதில் ஏறி எட்டிப் பார்க்க ஐந்து விநாடி போதும். கதவைத் திறந்து நான் செய்யும் முதல் வேலை அந்த நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போடுவது. பிறகு பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்துக்கொள்வேன். பால்கனி உள்ள அறையில் பிள்ளைகளைப் படுக்க வைப்பதில்லை. விளம்பரத்துப் படங்களில் கிரில் தெரியவில்லை என்றால் கேளுங்கள். கிரில் இல்லை, சாவியும் இல்லை என்றால் பதினெட்டாவது மாடி வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நீச்சல் குளத்தில் காப்பாற்ற ஆள் இருக்க மாட்டார். நம்மில் ஒருவர் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். பருத்திச் சட்டையோடு இறங்க விடாத இடங்கள் உண்டு, நீச்சல் உடை எடுத்துப் போங்கள்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். இங்கே பிளக் சதுர முள் மூன்று உள்ளது, இந்தியச் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2023இலிருந்து இணையத் தளங்கள் வழியாக எடுக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான். மலேசியர்களுக்கு இது கிடையாது.

கிளம்பும் நாள்

பூசத்துக்கு மறுநாள் காலையில் கிளம்புகிற மாதிரி வீடு எடுக்காதீர்கள். காவடி எடுத்தவருக்கு அன்று உடம்பு எழாது, அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும். பதினொரு மணிக்குள் காலி செய்யச் சொன்னால் அந்தக் காலை முழுக்க வீட்டில் சண்டைதான். ஓர் இரவு கூடுதலாக எடுத்துவிடுங்கள், மதியம் வரை தூங்கட்டும்.

குப்பையை அன்றன்றே கீழே கொண்டுபோய்விடுங்கள். தேங்காய் மூடியும் வாழை இலையும் ஒரு நாள் தாங்காது. கதவு திறக்கும் கார்டு எத்தனை கொடுத்தார்களோ அத்தனையும் எண்ணி மேசைமேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

போன வருடம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம் என்று நினைத்தேன். ஈப்போ தாண்டும்போது வீட்டுக்கார ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது, சீனர், எழுபது வயது இருக்கும். நாங்கள் விளக்கு வைத்த ஜன்னல் ஓரத்தில், திரைக்குப் பின்னால், மாமியாரின் சின்ன வெள்ளி வேல் இருந்ததாம். கையால் தொடலாமா, எதில் சுற்றி வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் அழைத்தார். தாராளமாகத் தொடலாம் ஆன்ட்டி என்றேன். நாலு நாள் கழித்து சிவப்புத் துணியில் சுற்றி, பஞ்சு வைத்து, செந்தூலுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அதனால் கதவைச் சாத்துமுன் பூஜை வைத்த இடத்தைக் கடைசியாக ஒரு தடவை, திரையை விலக்கிப் பாருங்கள்.